அசையாத முள்

அத்தியாயம் 14

சுதாகர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்த தாளில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது அதனால்தான்.

என் கொழுந்தன் தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரையே தப்பாக அச்சடிக்க விட்டவன். இந்தத் தாளில் ஆங்கிலம் அத்தனை சுத்தமாக இருந்தது என்றால், யாரோ உட்கார்ந்து யோசித்து, திருத்தி, அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு மாதத்துக்கு முன் செத்துப்போன ஒரு மனிதர்மேல் பழி போட இவ்வளவு சிரத்தை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. எங்கள் தீவில், புரோத்ராபூரில், விடியும்போதே பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுதாகர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவன், உட்காரவில்லை. பேனாவையும் தாளுக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

நான் படித்தேன். விஷயம் இதுதான்: மறைந்த என் கணவர் திருநாவுக்கரசு, தகுதியான மெக்கானிக் யாரையும் கேட்காமல் எங்கள் பழைய அம்பாசடர் டாக்சியில் பெரிய ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். அதற்குத் தரம் குறைந்த அலுமினிய வயர் போட்டார். போன வாரம் திங்கட்கிழமை டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் வண்டியின் டேஷ்போர்டு தீப்பிடித்ததற்கும், முன்சீட்டில் இருந்த டீச்சர் பவானியின் வலது கை வெந்துபோனதற்கும் அதுவே காரணம். வண்டியை ஓட்டிய சுதாகர்மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, வண்டியின் இன்றைய உரிமையாளர், நாகரத்தினம்.

என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு மோட்டார் இன்ஸ்பெக்டர் சாப் ஷெட்டுக்கு வர்றார், அண்ணி. இதைக் கொடுத்துட்டா பஸ், காம் கதம். அதோட முடிஞ்சிடும்."

"யார் பார்த்தது அலுமினியம்னு?"

"மெக்கானிக் உதயசூரியன் உரிச்சே காட்டினான். உள்ள வெள்ளை வெளேர்னு இருக்கு. நானும் பார்த்தேன்."

"உங்க அண்ணன் அலுமினிய வயர் போடுவாரா, சுதாகர்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு சொன்னதை நான் இன்றுவரை ஒரு எழுத்து மறக்கவில்லை.

"அண்ணன் போயிட்டாரு, அண்ணி. அவருக்கு இனிமே லைசென்சும் இல்ல, கேசும் இல்ல. எனக்கு இருக்கு."

அதைக் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான். பத்தரைக்கு வந்து தாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

என் மகள் சங்கவிக்குப் போன் செய்தேன். சென்னையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பொறுமையாகத்தான் கேட்டாள். கடைசியில், கையெழுத்துப் போட்டுவிடும்மா, அப்பாவுக்கு அதனால் என்ன ஆகிவிடப் போகிறது, சித்தப்பா பிழைப்பு முக்கியம் இல்லையா என்றாள். நல்ல பெண். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போனை வைத்தபிறகு என் காதெல்லாம் சுட்டது.

அப்பாவுக்கு என்ன ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை ஜங்லிகாட்டிலிருந்து ஒரு தெலுங்குக்காரர் போன் செய்திருந்தார். மீன்பிடி டோங்கிப் படகு வைத்திருப்பவர். பாபி, அதாவது அண்ணி, கோபித்துக்கொள்ள வேண்டாம், வண்டி எரிந்ததற்கு வயர்தான் காரணம் என்கிறார்கள், என் படகில் அண்ணன் போட்ட வயரையெல்லாம் பிடுங்கிவிடவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய படகைப்போல இருபத்தாறு படகுகளுக்கு என் கணவர் வயரிங் செய்திருக்கிறார். முப்பது வருஷ வேலை. ராத்திரியில் கரை தெரியாத கடலில் அந்த விளக்குகளை நம்பித்தான் மனிதர்கள் போய் வந்தார்கள். என் ஒரு கையெழுத்து போதும். அத்தனையும் மட்டமான வேலை என்று எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

அந்த ஜங்லிகாட் படகுத்துறையில்தான் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; எழுந்திருக்கவில்லை. அப்போதும் அவர் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள்.

*

அவர் அந்த ஆல்டர்னேட்டரை மாற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். டார்ச் பிடித்தவள் நான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். வண்டி பகலில் ஒழுங்காக ஓடும். மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. மூன்றையும் போட்டால் ஹாரன் தொண்டை கட்டிய மாதிரி முனகும். விளக்கு மஞ்சளாகிவிடும். பேட்டரி இறங்கி, ஏர்போர்ட் வாசலில் நான்கு பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். பழைய ஆல்டர்னேட்டர் செய்கிற மின்சாரம் வண்டி தின்கிற மின்சாரத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்றார்.

சென்னையிலிருந்து கப்பலில் பெரிய ஆல்டர்னேட்டர் வந்தது. கப்பல் ஒன்பது நாள் தாமதம். பெட்டியைப் பிரித்தால் கூடவே ஒரு சுருள் வயரும் இருந்தது. கடைக்காரர் நல்ல எண்ணத்தில் வைத்திருந்தார். சாதாரணச் செம்பு வயர். என் கணவர் நுனியைச் சீவிப் பார்த்துவிட்டு அதை அப்படியே பெட்டியில் போட்டு மூடினார்.

"மெயின்லேண்டுக்கு இது போதும். இந்த உப்புக் காத்துல ஆறே மாசத்துல பச்சை பிடிச்சிடும், நாகு. அப்புறம் உதிர ஆரம்பிக்கும்."

அவர் படகுகளுக்குப் போடும் வயரில் மிச்சம் வைத்திருந்தார். கட்டைவிரல் கனம். உள்ளே இழைகள் வெள்ளையாக மின்னின. இது என்ன வெள்ளை என்று நான் கேட்டேன். அம்மா வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே அதுபோலத்தான், செம்புக்கு மேலே ஈயம் பூசியிருக்கிறது, கடலுக்காகச் செய்த வயர் என்றார். அதை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்கு இழுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்தார்.

அந்த வண்டியில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஆல்டர்னேட்டரில் பிறக்கிற மின்சாரம் முழுக்க டேஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டருக்குள் புகுந்து வெளியே வந்துதான் பேட்டரிக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் மீட்டரின் முள் அசையும். ஆல்டர்னேட்டர் சின்னதாக இருந்தவரை அது சரி. பெரியதை வைத்தபிறகு அதே ஒல்லி வயரில், அதே சின்ன மீட்டரில் மின்சாரத்தை விட்டால் வயர் அடுப்புக் கம்பிபோலச் சூடாகிவிடும். அதனால் மீட்டருக்குப் போன இரண்டு வயர்களையும் வெட்டி, நுனியை டேப் சுற்றி, ஒதுக்கிக் கட்டினார்.

முள் அன்றோடு நடுவில் நின்றுவிட்டது. பயன்படாத மீட்டரைக் கழற்றிவிடலாமே என்றேன். கழற்றினால் வண்டி முகத்தில் ஓட்டை தெரியும் என்றார். ஏறுகிறவர்கள், மீட்டர் வேலை செய்யவில்லையே அண்ணே என்பார்கள். "அது ரிட்டயர் ஆயிடுச்சு, பென்ஷன் வாங்குது" என்பார். அரசாங்க வேலைக்காரர்கள் நிறைந்த ஊர். எல்லாரும் சிரிப்பார்கள்.

எந்த வயர் எங்கே போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதினேன். சுதாகர் போனபிறகு அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். 'பேட்டரிக்கு: டோங்கி வயர், வெள்ளை. மீட்டர்: இணைப்பு இல்லை.' என் கையெழுத்துதான். ஆனால் அதைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன சொல்வார்கள்? புருஷனைக் காப்பாற்ற நேற்று எழுதினாள் என்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நானே சந்தேகப்பட்டேன். ஈயம் பூசியது என்று சொன்னது அவர். நான் கீறிப் பார்க்கவில்லை. கையில் எது கிடைத்ததோ அதைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு சமாதானம் சொல்லியிருந்தால்?

இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரை அந்தத் தாள் ஒரு மணி நேரத்தில் சந்தேகப்பட வைத்துவிட்டது. அதற்காகவும்தான் எனக்கு ஆத்திரம்.

*

ஒன்பது மணிக்கு பவானி வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. விபத்து நடந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. இடது கையால் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சரி போடும் கோடுகள் குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தன. உட்காரச் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"கரும்பலகையில எழுத மூணு மாசம் ஆகுமாம், அக்கா. அதுகூடப் பரவாயில்ல. அண்ணன் கை வச்ச வண்டின்னு நம்பி ஏறினேன் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."

அவளுக்குக் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது, அதைத் தப்பான ஆள்மேல் திருப்பிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுசாக ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

சொன்னாள். நல்ல மழை. ஏர்போர்ட்டில் அவளுடைய அண்ணனைக் கூப்பிடப் போனார்கள். விளக்கு, வைப்பர், ஏ.சி. எல்லாம் ஓடியது. ஏற்றத்தில் ரப்பர் கருகுகிற வாசனை. சுதாகரிடம் சொன்னாள். வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றான் அவன். அந்த மழையில். அடுத்த நிமிடம் மீட்டர் பக்கமிருந்து புகை. மடியில் இருந்த பையை அவள் இழுத்தபோது, உருகிய பிளாஸ்டிக் கைமேல் ஒழுகியது.

"அந்த மீட்டரைத்தான் நான் பார்த்துக்கிட்டே வந்தேன். முள்ளு ஒரு ஓரமாப் போய் முட்டிக்கிட்டு நடுங்குச்சு."

"எந்த முள்ளு?"

"நடுவுல இருக்குமே, அண்ணன்கூட பென்ஷன் வாங்குதுன்னு கிண்டல் பண்ணுவாரே, அதுதான்."

சொல்லி முடித்ததும் அவளே என்னைப் பார்த்தாள். இடது கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

இரண்டு வருஷமாக அசையாத முள். என் கணவர் செத்துப் பதினோரு மாதம். அது எப்படி நடுங்கும்?

"பவானி, பதினோரு மணிக்கு என்கூட ஷெட்டுக்கு வர்றியா?"

அவள் எழுந்து, ஒரு கையாலேயே சேலையைச் சரிசெய்துகொண்டு, குடையை என்னிடம் நீட்டினாள்.

*

உதயசூரியனின் ஷெட் புரோத்ராபூர் மெயின் ரோட்டில் இருக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆன மெக்கானிக். நல்ல வேலைக்காரன் என்றுதான் பெயர். என் கணவர் அவனைப் பார்த்து நாலு வார்த்தைக்கு மேல் பேசியிருக்க மாட்டார்.

வண்டி பானெட் திறந்தபடி நின்றது. டேஷ்போர்டு இருந்த இடத்தில் கறுப்புக் குழி. அவர் ஓட்டை தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்த முகம்.

இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். திக்லிபூரில் பிறந்து வளர்ந்த பெங்காலிக்காரர். கையில் ஒரு பைல். சுதாகர் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து, பத்தரைக்கு வீடு பூட்டியிருந்ததே, தாளைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டான். கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவன் முகம் தெளிந்தது. அவன் மனைவி ருக்கு ஷெட் ஓரத்தில் டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள், பக்கத்தில் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்க, உதயசூரியன் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினான். பானெட்டுக்குள்ளிருந்து அந்தக் கனமான வயரை இழுத்துக் காட்டினான். ஒரு முனை பேட்டரியில் இருந்தது. ஆல்டர்னேட்டர் பக்கத்து முனை அறுந்து, வெள்ளை இழைகள் விரிந்து தொங்கின. தீயில் அறுந்துவிட்டது என்றான். பாருங்கள், அலுமினியம் என்றான்.

"பிளேடு இருக்கா?" என்று கேட்டேன்.

யாருக்கும் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் தன் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு இழையைப் பிரித்து விரல்மேல் வைத்துச் சுரண்டினேன். முதல் இழுப்பில் வெள்ளைதான். இரண்டாவது இழுப்பிலும் வெள்ளை. அவர் எனக்குச் சொன்னது பொய்தானோ என்று நினைத்தபடி கத்தியை இன்னும் அழுத்தினேன்.

மூன்றாவது இழுப்பில் சிவந்தது. புதுச் சல்லிக்காசு மாதிரி, நல்ல சிவப்பு.

இன்ஸ்பெக்டர் இழையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். தானும் ஒருமுறை சுரண்டினார்.

"யே தோ தாம்பா ஹை" என்றார். செம்பு. "போட் கா வயர். இது மட்டமானது இல்லை, பாபி, இதைவிட நல்லது கிடையாது. என் மாமா படகிலும் இதுதான்."

உதயசூரியன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திருடன் பிடிபட்ட முகம் இல்லை அது. பரீட்சை முடிந்து வெளியே வந்தபிறகு சரியான விடை தெரிந்த பையனின் முகம்.

"அதுவும் தீயில அறுந்தது இல்ல" என்றேன். "சுத்தின ரப்பர் கருகவே இல்லையே. வெட்டியிருக்கு."

பவானி முன்னால் வந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, முள் அசைந்ததை இன்ஸ்பெக்டரிடம் இந்தியில் சொன்னாள். டீச்சர்கள் பேசுகிற தெளிவான இந்தி. முள் அசைந்தது என்றால் மீட்டருக்குள் மின்சாரம் போயிருக்கிறது. யார் கொடுத்தது என்று அவர் கேட்டார்.

சுதாகர் சட்டென்று சொன்னான், அண்ணன்தான் கொடுத்திருப்பார், முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் என்று. என் கணவர் இரண்டு விதமாகவும் வயரிங் செய்தார் என்று சொல்ல அவனுக்கு நாக்குக் கூசவில்லை.

நான் பானெட்டுக்குள் குனிந்தேன். ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு ஒல்லி வயர் திருகப்பட்டிருந்தது. டேஷ்போர்டு பக்கம் கருகிப்போனது, இந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம். அதன் நுனியை இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். சாதாரணச் செம்பு. பளபளவென்று இருந்தது.

"சாப், இந்த ஊர்ல செம்பு எத்தனை நாள் இப்படி இருக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். போன வருஷம் மாற்றிய தன் ஸ்கூட்டர் வயர் பாசி பிடித்த குளம் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த நுனியையே பார்த்தார்.

"இது ஒரு மாசத்துக்கு மேல் ஆகாத வயர்" என்றார்.

தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மாதத்துக்கு முன் செத்தவர் ஒரு மாதத்துக்கு முன் வந்து வயர் போட முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உதயசூரியன் கையைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"நான்தான்கா போட்டேன்."

"டேய்" என்றான் சுதாகர்.

"இல்லண்ணே, விடுங்க. எங்க ஊர்ல வயர் வெள்ளையா இருந்தா அது அலுமினியந்தான். ஈயம் பூசின வயரை நான் கண்ணால பார்த்ததே இல்ல. பெரியவர் காசு மிச்சம் பிடிக்க மட்டமானதைப் போட்டுட்டார்னு நெனைச்சேன். அதை வெட்டிவிட்டுட்டு, நல்லதுன்னு நெனைச்சுத்தான் செம்பு வயரைப் போட்டு மீட்டர் வழியா கொடுத்தேன். ஆல்டர்னேட்டர் பெரிசுங்கிறதை யோசிக்கல. தீயில அறுந்ததுன்னு சொன்னதும் பயத்துலதான். என் தப்புதான்."

அவன் அறியாமல் செய்தான். என் கணவர் அதற்காக அவனைத் திட்டியிருப்பார், பக்கத்தில் உட்காரவைத்து வயரையும் காட்டியிருப்பார். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தது.

"வண்டி நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. மீட்டரை எதுக்குத் தொட்டே?"

அவன் சுதாகரைப் பார்த்தான். சுதாகர் தரையைப் பார்த்தான்.

"முள்ளு அசையணும்னு சுதாகர் அண்ணன் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை வண்டியைப் பார்க்க ஆள் மறுபடி வருதுன்னு. மீட்டர் செத்துக் கிடக்கேன்னு வாங்குற ஆள் கேட்டிருக்காரு."

வாங்குகிற ஆள்.

என் வண்டி. என் பெயரில் இருக்கிற வண்டி. அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துத் துடைத்து வெளுத்துப்போன வண்டியை விற்பதற்காக, அசையாத முள்ளை அசைய வைத்து, பவானியின் கையைச் சுட்டு, அதற்கும் அவரையே குற்றவாளி ஆக்கி, அந்தத் தாளில் என்னையே கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டு மேஜைமேல் பேனாவோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அண்ணி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் சுதாகர்.

"வீட்டுக்கு வந்துதானே இதைக் கொடுத்தே. இங்கேயே பேசலாம்."

மடித்து வைத்திருந்த தாளை எடுத்தேன். கிழிக்கப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிழிக்கவில்லை. திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை பானெட் ஓரத்தில் வைத்து, அந்தப் பேனாவையும் உதயசூரியனிடம் கொடுத்தேன். சொன்னதை அப்படியே தமிழில் எழுதச் சொன்னேன். எழுதினான். கையில் இருந்த கிரீஸ் தாளில் அங்கங்கே பட்டது. கீழே நான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். பவானி இடது கையால் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாக, ஆனால் முழுப் பெயரும்.

இன்ஸ்பெக்டர் தாளின் இரண்டு பக்கத்தையும் படித்தார். முன்பக்கத்தைக் காட்டி இதை அடித்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், சாப். அதுவும் இருக்கட்டும். என்ன எழுதப் பார்த்தாங்கன்னு ரெண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்."

அவர் தாளைப் பைலுக்குள் வைத்தார். போகும்போது சுதாகரை மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார். குரலில் கடுமை இல்லை. அது தேவைப்படவும் இல்லை.

ஜங்லிகாட்காரருக்கு அங்கே நின்றபடியே போன் செய்தேன். எந்த வயரையும் பிடுங்க வேண்டாம், அண்ணன் போட்டது செம்பு என்றேன். அவர் பக்கத்தில் படகு இன்ஜின் சத்தம் கேட்டது. சரி பாபி, எனக்குத் தெரியும் பாபி என்றார். தெரிந்திருந்தால் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

பவானி என் தோளில் தன் நல்ல கையை வைத்தாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் வந்தேன் என்று அப்போது தோன்றியது. கிளம்பிவிடலாம் என்று குடையை விரித்தேன்.

ருக்கு அப்போதுதான் டயரை விட்டு நகர்ந்து வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பண்டிகைச் சமையலில் எனக்கு வலதுபக்கம் நின்றவள். என் மளிகைச் சீட்டை எழுதுவது, ஸ்கூல் படிவங்களை நிரப்புவது, எல்லாம் என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். அவள் எழுத்தே என் எழுத்து மாதிரி இருக்கும்.

"அக்கா, அந்த ஆள் அந்த ஞாயித்துக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாரு. வண்டியைப் பேர் மாத்துற ஃபார்ம் அவர்கிட்டதான் இருக்கு." மூச்சு வாங்கினாள். "அதுல உங்க கையெழுத்து இருக்கு."

"நான் போடலையே, ருக்கு."

"தெரியும்."

"அப்புறம் யார் போட்டது?"

ருக்கு தன் வலது கையை மெதுவாகச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.